பதினாலாம் எண் வீட்டுக் கண்ணாடி

ஒன்பதாம் நாள்.
கடற்காக்கைகள் எங்கள் தெருவை
வாசிக்கத் தொடங்கிவிட்டன.
கறுப்புப் பைகளைக் கொத்திக் கிழித்து
உள்ளிருப்பதை நடைபாதைக்கு இழுக்கின்றன:
குடியை விட்டாயிற்று என்று சொன்ன
மேல்மாடி ஃபெர்கஸின் ஏழு வோட்கா போத்தல்கள்,
சுக்கல் சுக்கலாய்க் கிழித்தும்
இன்னும் படிக்க முடிகிற ஒரு வாடகை பாக்கிக் கடிதம்,
மீன்தோல், முட்டை ஓடு,
ஒற்றைக் கால் பொம்மை.
டண்டீ நகரத்தில் இப்படி ஒரு வெயில்
அடித்ததே இல்லையாம்.
இப்போதுதானா அதற்கு நேரம் கிடைத்தது.

வறுத்த மீன் விற்கும் கடையின் வரிசையில்
வேறு பேச்சே இல்லை.
"பையைத் தூக்கி வண்டியில் எறிய
இதற்கு மேலும் சம்பளமா?"
கேட்டவர் ஓய்வுபெற்ற வங்கி மேலாளர்.
"அப்போ நீங்களே தூக்குங்க"
எண்ணெய்ச் சட்டியிலிருந்து திரும்பாமலே சொன்னாள் செங்கா.
அவர் பொட்டலத்தில் மட்டும்
வினிகர் கொஞ்சம் தாராளமாகவே விழுந்தது.
வரிசை சிரித்தது. நானும் சிரித்தேன்.

அன்று காலைதான்
வேலைநிறுத்தத்தைக் கண்டிக்கும் மனுவில்
கையெழுத்துப் போட்டிருந்தேன்.
மாலையில் கதவைத் தட்டிய செம்பட்டைத் தலைப் பெண்
ஊதிய உயர்வு கேட்டு நீட்டிய மனுவிலும் போட்டேன்.
அவள் இறங்கிப் போன பிறகுதான் பார்த்தேன்,
அவளுடைய பேனா என் சட்டைப் பையில்.

வானொலியில் நகரமன்றத் தலைவர்:
கஜானா காலி,
ஆனால் பேச்சுவார்த்தைக் கதவு திறந்தே இருக்கிறது.
இந்த ஊரில் திறந்திருக்கும் ஒரே கதவு
அதுவாகத்தான் இருக்கும்.
நாங்கள் ஜன்னலைக்கூட
ஒட்டுநாடா போட்டு அடைத்துவிட்டோம்.

பன்னிரண்டாம் நாள்
எனக்குப் பொறுமை போயிற்று.
மூன்று பைகளைக் காரில் ஏற்றினேன்.
டிப்போ வாசலில், அவர்கள் கண்ணெதிரே
கொட்டிவிட்டு வருவதென்று போனேன்.
எனக்கு முன்பே யாரோ
குழந்தைகளின் மலத்துணி மூட்டையை அங்கே வீசியிருந்தார்கள்.
அதற்கு மூன்றடி தள்ளி
வேறு யாரோ வைத்துப்போன பிஸ்கட் டப்பா.
கவிழ்த்த தொட்டியின் மேல்
தேநீர்க் குடுவையோடு உட்கார்ந்திருந்த ஆள்
என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"பதினாலாம் எண் தானே நீங்கள்?"

எட்டு வருஷமாய் வாரம் ஒருமுறை
என் வாசலுக்கு வந்தவராம்.
லாக்லன் பெட்ரி. பெயர் அன்றுதான் தெரியும்.
"உடைந்த கண்ணாடியைச் செய்தித்தாளில் சுற்றி
மேலே 'கண்ணாடி' என்று எழுதி வைப்பீர்கள்.
அந்தத் தெருவில் நீங்கள் ஒருத்தர்தான்.
பதினாறாம் எண் வைத்த லட்சணத்தைப் பாருங்கள்"
கையை விரித்தார்.
சுண்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை
வெள்ளையாய் ஒரு கோடு.

அது நானில்லை என்று சொல்லியிருக்கலாம்.
சுற்றியதும் எழுதியதும் அய்லித்.
அவள் என்னை விட்டுப் போய் இரண்டு வருஷம்.
அதற்குப் பிறகு அந்த வீட்டில்
எதுவும் உடையவில்லை என்று
இவர் நினைத்திருக்க வேண்டும்.

காரின் பின்னால், மூன்றாவது பையில்,
போன வாரம் நான் சுவரில் எறிந்த மேசைவிளக்கு.

"ஏதாவது வேணுமா?" என்றார் பெட்ரி.
வழி தவறி வந்துவிட்டேன் என்றேன்.
வழி சொன்னார்.
என் வீட்டுக்கு எனக்கு.

சமையலறைத் தரையில் பையை அவிழ்த்தேன்.
பன்னிரண்டு நாள் நாற்றம்
உயிருள்ளது போல எழுந்து உட்கார்ந்தது.
முழங்கால் போட்டு ஒவ்வொரு சில்லாய்ப் பொறுக்கினேன்.
கையில் அகப்பட்டது நேற்றைய செய்தித்தாள்,
'பேராசைக்கு அளவில்லையா' என்ற தலையங்கம்.
அதிலேயே சுற்றினேன், இரண்டு மடிப்பாக.

செம்பட்டைத் தலைக்காரியின் பேனா
எண்ணெய்ப் பிசுக்கில் சரியாக ஓடவில்லை.
கண்ணா, வரைக்கும் வந்து நின்றுவிட்டது.
உதறி உதறி
மறுபடி எழுதினேன்.